கறை படியாத எண்ணெய்

எங்கள் காலத்துத் திருப்பூரில் சிலிண்டர் என்று சொன்னால் யாருக்கும் மோட்டார் வண்டி ஞாபகம் வராது. பனியன் துணி பின்னும் வட்ட மெஷினில் ஊசிகள் வரிசையாக நிற்கிற இரும்பு வளையம் ஒன்று உண்டு. அதைத்தான் சிலிண்டர் என்போம். அதில் ஒடிந்த ஊசியை மாற்றுவது, ஊசி ஓடுகிற காடிகளில் அடைத்த பஞ்சைக் குத்தி எடுப்பது, எண்ணெய் விடுவது எல்லாம் என் வேலை. ஃபிட்டர் என்று பெயர். வேலை எனக்கு நன்றாகத் தெரியும், வினையே அதில்தான் வந்தது. ஒரு வேலை நன்றாகத் தெரிந்தவனுக்கு எல்லா வேலையும் தெரியும் என்று ஊரும் நினைத்துக்கொள்கிறது, அவனும் நினைத்துக்கொள்கிறான்.

இப்போது என் வீட்டுக்கு எதிரே ஒரு வண்டிப் பட்டறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைலன்ஸரைக் கழற்றி வீசிவிட்டு முறுக்கு முறுக்கு என்று முறுக்குகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போய்ச் சத்தம் போட்டுவிட்டு வருவேன். "மாமாவுக்கு வயசாயிருச்சு, சத்தம் ஆகறதில்ல" என்று மருமகள் அவர்களிடம் சமாதானம் சொல்கிறாள். வயசுமில்லை, மண்ணுமில்லை. அந்த வேலையை இந்த ஊரில் முதலில் செய்தவர்களில் நான் ஒருவன். யாரிடமும் சொன்னதில்லை. பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றும் கிடையாது.

எழுபதுகளின் தொடக்கம். நான் வேலை செய்த கம்பெனியில் துணி லோடு கொண்டுபோய் வர ஒருவர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். குண்டடத்துப் பக்கம் மானாவாரிப் பூமி. மழை ஏமாற்றிய ஒரு வருஷம், மனைவியைக் கூட்டிக்கொண்டு வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிவந்தார். சின்ன வயசில் வந்த வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் சைக்கிள் மிதித்தார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பனியன் துணியைக் கிழித்து, இடது பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். மிதிப்பதெல்லாம் வலது கால். இடது கால் சும்மா கூடவே சுற்றி வரும்.

நொய்யல் ஓரத்தில் சலவைப் பட்டறைகள். கம்பெனி மேட்டில். பின்னிய பழுப்புத் துணியைக் கீழே இறக்க வேண்டும், சலவையான வெள்ளைத் துணியை மேலே ஏற்ற வேண்டும். இறக்கத்தில் கஷ்டமில்லை. ஏற்றத்தில்தான் உயிர் போகும். நாலைந்து வருஷம் அப்படி மிதித்ததில் அவருடைய வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள், இந்த ஒரு முட்டியாவது உனக்கு மிஞ்ச வேண்டுமென்றால் மிதிப்பதை விடு என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதை என்னிடம் வந்து சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "இருக்கறது ஒரு காலு. அதையும் குடுத்துப்போட்டு என்ன பண்றதுங்க தம்பி?"

அவருக்கு இன்னொன்றும் இருந்தது. ஞாபகம். எந்தப் பட்டறையில் எத்தனை ரோல், எந்த லாட்டு, எந்தக் கிழமை இறக்கியது, எதில் ஓரம் கிழிந்திருந்தது என்று சீட்டு இல்லாமல் சொல்வார். முதலாளிக்கும் பட்டறைக்காரர்களுக்கும் தகராறு வந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவர் சொன்னதோடு பேச்சு முடியும். பள்ளிக்கூடம் போகாத மனிதர். அதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது, நியாயமான கர்வம்.

முதலாளி கெட்டவரில்லை. வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அப்போதுதான் மொபெட் வந்திருந்தது. சைக்கிளுக்கு எஞ்சின் வைத்த மாதிரி ஒரு சின்ன வண்டி. பெடலும் இருக்கும். ஒன்றை வாங்கி அவர் கையில் கொடுத்தார். கம்பெனியே வேடிக்கை பார்த்தது. முதல் நாள் இரண்டு மூட்டை வெள்ளைத் துணியோடு ஆற்றோரத்திலிருந்து புறப்பட்டவர், பாதி மேட்டில் நின்றுவிட்டார். எஞ்சின் இழுக்கவில்லை. மேட்டில் பெடலும் சேர்த்துப் போடு என்று விற்றவர்கள் சொல்லித்தான் கொடுத்தார்களாம். மறுபடியும் அதே முட்டி, அதே மேடு. சாயங்காலம் முழங்காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க தம்பி, இதுக்கும் சிலிண்டர்னு ஒண்ணு இருக்குதாமா. நீங்க சித்தப் பாத்தா ஆவாதுங்களா?"

எனக்கு அந்த வார்த்தை போதுமாயிருந்தது. சிலிண்டர்தானே, பார்த்துவிடலாம் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி வாசலில் சாக்கை விரித்து எஞ்சினைப் பிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதுவரை எந்த எஞ்சினையும் நான் தொட்டதில்லை. பிரித்துப் பார்த்ததும் பயம் போய்விட்டது. ஒரு பிஸ்டன், பக்கவாட்டில் சில ஓட்டைகள், மேலே ஒரு மூடி. ஆயிரம் ஊசி ஓடுகிற மெஷினைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இது என்ன பெரிய காரியம்? கோயமுத்தூரில் பட்டறை வைத்திருந்த ஒருவர், மூடியைத் தேய்த்தால் எஞ்சினுக்கு வலு கூடும் என்று எப்போதோ சொன்னது காதில் இருந்தது. கண்ணாடித் தகட்டில் இரும்பை அராவும் பொடிப் பசையைத் தடவி, அந்த மூடியை வைத்து நாலு மணி நேரம் தேய்த்தேன். புகை வெளியேறும் ஓட்டையை எலிவால் அரத்தால் நூலிழை நூலிழையாக மேலே ஏற்றினேன். பெட்ரோல் வருகிற ஜெட்டின் துளையை, ஒடிந்த பனியன் ஊசியின் தண்டால் ஒரு பொட்டு அகலப்படுத்தினேன். கடைசியில் சைலன்ஸரைப் பிரித்து, உள்ளே புகையை மடக்கி விடுகிற தகடுகளை வெட்டி எடுத்துப் போட்டேன். ஒரே நாளில் செய்ததில்லை. மூன்று ஞாயிறு ஆனது.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் அவர் இரண்டு மூட்டையோடு மேட்டில் ஏறினார். நான் மேலே நின்றிருந்தேன். சத்தம் முன்னால் வந்தது, வண்டி பின்னால் வந்தது. இரண்டு காலையும் பெடலில் சும்மா வைத்துக்கொண்டு, ஏதோ கல்யாண ஊர்வலத்தில் வருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். என்னைத் தாண்டிப் போய் நிறுத்தி, திரும்பிப் பார்த்தார்.

"முட்டிய மடக்கவே இல்லீங்க தம்பி."

அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் நல்லவன். இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தலை கால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்பெனி வாசலில் நாலு மொபெட் நிற்கும். நூல் கமிஷன்காரர் வண்டி, வேஸ்ட் வியாபாரம் செய்த பாய் வண்டி, முதலிபாளையத்திலிருந்து ஒருவர் உருட்டிக்கொண்டே வந்த வண்டி. எல்லோரும் மரியாதையாக நின்றுகொண்டு நான் அரம் போடுவதைப் பார்ப்பார்கள். "ஃபிட்டரு கை பட்டா மொபெட் புல்லட்டாட்டப் போகுது" என்று டீக்கடையில் பேச்சு. நானும் காதில் விழாத மாதிரி நடித்துக்கொண்டு அந்த டீக்கடையிலேயே போய் உட்காருவேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். அவருடைய மனைவி எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தார். வெட்டுவதற்கு முன் துணியை மேஜையில் விரித்து, ஓட்டை, நூல் விட்டது, கறை எல்லாம் பார்த்துப் பிரித்து வைக்கிற வேலை. கெட்டிக்காரி. ஒரு கறையைப் பார்த்தால் அது எங்கே பட்டது என்று சொல்லிவிடுவார். ஒருநாள் காலையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளைத் துண்டு. அதில் கடுகு தாளித்துத் தெறித்த மாதிரி கருப்புக் கருப்பாகப் புள்ளிகள்.

"ஏனுங்க தம்பி, நெம்ப நாளா எடுத்து எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு இருக்கறனுங்க. இன்னிக்கு ஒரு ரோலு பூராவும் இப்படி இருக்குதுங்க. நானே எடுத்து மொதலாளி முன்னால வெக்கோணுமாங்க? இதென்னுங்க வேலை?"

எங்கள் பக்கத்துப் பேச்சு தெரியாதவர்களுக்கு இது கெஞ்சுகிற மாதிரி இருக்கும். அவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் திட்டினாலும் ங்க போட்டுத்தான் திட்டுவோம். நாயை விரட்டும்போதுகூட வாய் தவறி வந்துவிடும்.

விஷயம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தச் சின்ன எஞ்சினில் எண்ணெய்க்கு என்று தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய்தான் உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொள்ளாமல் காப்பாற்றுகிறது. எரிந்தது போக மீதி, புகையோடு கருப்பாக வெளியே வரும். முன்பு சைலன்ஸர் தகடுகள் அதைப் பிடித்து வைத்திருந்தன. அவற்றை வெட்டிப் போட்டவன் நான். இப்போது அது நேராகப் பின்னால் இருக்கிற மூட்டைமேல் தெறித்தது. பழுப்புத் துணியில் பட்டால் சலவையில் போய்விடும். சலவையாகி வருகிற வெள்ளைத் துணியில் பட்டால் அந்தத் துணி கழிவுதான்.

"ஒரு சாக்கத் தெச்சு மூட்டை மேல போத்துனா ஆவாதுங்களா?" என்று அவரே கேட்டார்.

நான் சிரித்தேன். இவ்வளவு பெரிய வேலை செய்து வைத்திருக்கிறேன், இந்த அம்மாள் சாக்கைப் போர்த்தச் சொல்கிறாரே என்று சிரித்தேன். தகடுகளைத் திரும்ப வைத்திருக்கலாம். வைத்தால் மேட்டில் இழுவை கொஞ்சம் குறையும், டீக்கடையில் என் பேரும் கொஞ்சம் குறையும். அதனால் அதையும் செய்யவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். பனியன் மெஷின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய் ஒன்று இருக்கிறது. தண்ணீர் மாதிரி வெள்ளையாக, மெல்லிசாக இருக்கும். துணியில் சொட்டினாலும் சோப்புப் போட்டால் போய்விடும், கறை நிற்காது. பனியன் ஊரில் பிறந்தவனுக்கு எண்ணெயில் நல்லது கெட்டது என்றால் ஒரே அளவுதான்: கறை படியுமா, படியாதா. படியாதது நல்ல எண்ணெய். இதைவிட மேலான எண்ணெய் உலகத்தில் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாளுக்கு இரண்டு லட்சம் தடவை ஊசி மேலும் கீழும் போகிற சிலிண்டருக்கு இது தாங்குகிறது, அந்தச் சிலிண்டருக்குத் தாங்காதா? பேர் ஒன்றுதானே. உள்ளே நெருப்பு எரிகிறது என்பதையும், மூடியைத் தேய்த்து அந்த நெருப்பை நானே கூட்டி வைத்திருக்கிறேன் என்பதையும் நினைத்துப் பார்க்க மூளை வேண்டும்.

கம்பெனி டின்னிலிருந்து ஒரு டானிக் பாட்டிலில் பிடித்து அவரிடம் கொடுத்தேன். முதலாளிக்குத் தெரியாமல்தான். "பங்க்ல ஆயில் கலக்க வேண்டாங்ணா. வெறும் பெட்ரோல் வாங்கிட்டு, லிட்டருக்கு இதுல ரெண்டு மூடி ஊத்துங்க. இது ஸ்பெஷல் எண்ணெய்" என்றேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பாலாட்டச் சுத்தமா இருக்குதுங்களே" என்றார். அவர் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். மூடியில் வழிய வழியப் பிடித்து, வாய்விட்டு ஒன்று, ரெண்டு என்று எண்ணி ஊற்றி, பாட்டில் வாயைத் துணியால் துடைத்துவிட்டு, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டுவார். ஒருநாள் தவறியதில்லை.

புள்ளிகள் நின்றுவிட்டன. செக்கிங்கிலிருந்து அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். மத்தியானம் எனக்கென்று ஒரு தூக்கில் தயிர்ச்சோறும் வந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ. காலை பதினோரு மணி இருக்கும். மெஷின் ஒன்றை நிறுத்தி ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய வண்டி மேட்டில் ஏறுகிற சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். என் கையால் செய்த சத்தம், எனக்குக் கேட்காமல் இருக்குமா? அடியிலிருந்து ஏறி, பாதி மேட்டுக்கு வந்து, சிறுபாலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் கீச்சென்று இழுத்தது. பிறகு சத்தமே இல்லை.

ஓடினேன். பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்றிருக்கிறது. வண்டி வலது பக்கம் சாய்ந்து அவரைச் சிறுபாலத்துக் கல்மேல் அடித்திருந்தது. இரண்டு மூட்டையின் கனமும் வண்டியின் கனமும் முட்டிமேல். எந்த முட்டியை மடக்காமல் காப்பாற்ற வேண்டுமென்று மூன்று ஞாயிறு உட்கார்ந்து தேய்த்தேனோ, அந்த முட்டி. டேங்க் மூடி கழன்று பெட்ரோல் அவருடைய வேட்டியெல்லாம் நனைத்திருந்தது. அவர் கத்தவில்லை. "துணி மண்ணுல பட்டுருச்சுங்களா, பாருங்க தம்பி" என்றார்.

அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். கூடப் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. வண்டியைக் கம்பெனிக்கு உருட்டிக்கொண்டு வந்து, யாரும் வருவதற்குள் டேங்கில் மிச்சமிருந்ததை வேலியோரம் மண்ணில் கவிழ்த்தேன். டானிக் பாட்டில் வண்டிப் பெட்டியில் இருந்தது. அதைக் கிணற்றில் போட்டேன். இதையெல்லாம் செய்யும்போது என் கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

முதலாளி வந்து நின்றார். எஞ்சினைப் பிரித்துக் காட்டினேன். பிஸ்டன் பக்கமெல்லாம் கீறி, சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது.

"என்னப்பா ஆச்சு?"

கம்பெனி எண்ணெயைத் திருடினேன் என்று சொல்ல வேண்டும். புது வண்டியை அறுத்துத் தேய்த்தேன் என்று சொல்ல வேண்டும். பனியன் எண்ணெயை எஞ்சினில் ஊற்றச் சொன்ன மடையன் நான்தான் என்று டீக்கடைக்குத் தெரிய வேண்டும். இதில் எது பெரிய பயம் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன்.

"எண்ணெய் ஊத்தலீங்க. மறந்துட்டாராட்ட இருக்குதுங்க" என்றேன்.

முதலாளி, "அவனா? அவன் மறக்கமாட்டானேப்பா" என்றார். நான் பிஸ்டனைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். காய்ந்து கிடந்தது. கண்ணால் பார்த்தது சாட்சியாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று காலையில் சொன்னவர், அவனவன் கவனக்குறைவுக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று சாயங்காலம் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் போனேன். காலில் மாவுக்கட்டு. அவர் கண்ணைத் திறந்ததும் கேட்டது இதைத்தான்.

"ஏனுங்க தம்பி, நான் எண்ணெய் ஊத்தலைன்னு சொன்னீங்களாமா. ஊத்துனனேங்க. ரெண்டு மூடி. எண்ணி ஊத்துனனே."

"ஊத்தலீங்ணா. பிஸ்டன் காஞ்சு கெடந்துது. நானே பாத்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் உடைந்திருப்பேன், ஒருவேளை. அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படீங்களா" என்றார். பிறகு, "முந்துன நாளு ஊத்துனத நெனச்சுட்டுப் பேசறனாட்ட இருக்குது" என்றார்.

கட்டுப் பிரித்தபோது வலது முட்டி மடங்கவில்லை. இடது கால் நிற்காது, வலது கால் மடங்காது. வேறு ஆளை லோடுக்கு வைத்தார்கள். வண்டியை நான்தான் சரிசெய்து கொடுத்தேன். சைலன்ஸரில் தகடுகளைத் திரும்ப வைத்தேன். மூட்டைமேல் போர்த்த ஒரு சாக்கும் தைத்துக் கொடுத்தேன். புது ஆள் இரண்டு காலும் நன்றாக உள்ளவன். பெடல் போட்டு ஏறினான். ஒரு புள்ளி விழவில்லை.

வேறு வண்டிகளைத் தொடுவதை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம், மனசு கேட்கவில்லை என்றேன். ஃபிட்டருக்கு எவ்வளவு இளகிய மனசு என்று அதற்கும் ஒரு பேர் கிடைத்தது.

நாலைந்து மாதம் கழிந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம், மெஷின் எல்லாம் நின்றிருந்தது. அந்த அம்மாள் ஒரு மஞ்சள் பையோடு என்னிடம் வந்தார். உள்ளேயிருந்து மடித்த வேட்டி ஒன்றை எடுத்து மெஷின்மேல் விரித்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளையாக இருந்தது.

"இது அன்னிக்கு அவரு கட்டியிருந்ததுங்க. பெட்ரோலுல நனைஞ்சுதில்லீங்களா, அதுதான். பெட்ரோலு காஞ்சதும் எண்ணெய்க் கறை நின்னுதுங்க. எண்ணெய் ஊத்தாம எப்படிங்க கறை வரும்?"

நான் வேட்டியின் ஓரத்தை மடித்துவிட்டேன்.

"வண்டி எண்ணெயின்னா அடிச்சுத் தொவைச்சாலும் பழுப்பு நிக்குமுங்க. இது ஒரு சோப்புக்குப் போயிருச்சுங்க. மோந்து பாத்தனுங்க. தெனமும் நான் முகர்ற எண்ணெய்தானுங்களே."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. முதலாளியிடம் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்திலும் என் புத்தி என் வேலையைத்தான் நினைத்தது.

"நான் ஆரு கிட்டயும் சொல்லப் போறதில்லீங்க. காலு போனது போச்சுங்க. அதை ஆரு திருப்பித் தரமுடியும். அவரு தனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டு இருக்காருங்க. வெளக்கு ஏத்துனனா, கதவச் சாத்துனனான்னு பத்துத் தடவ கேக்கறாருங்க. கட்டைய ஊனிட்டுச் சந்தைக்குப் போயிட்டு வந்து, போனனான்னு கேக்கறாருங்க. நான் இந்த வேட்டியக் காட்டிச் சொன்னேன். நம்பலீங்க. ஃபிட்டர் தம்பி கண்ணால பாத்துட்டுச் சொன்னாரு, அவரு பொய் சொல்லமாட்டாருன்னுட்டாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஊத்துனீங்கன்னு மட்டும் சொன்னாப் போதுமுங்க. எந்த எண்ணெயின்னு சொல்லவேண்டாமுங்க."

இதைவிடச் சின்னதாக ஒருவர் இன்னொருவரிடம் எதைக் கேட்க முடியும்? சரிங்க அக்கா என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே வேலம்பாளையம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாக அப்படித்தான் போனேன்.

அவர் சுவரோடு சாய்ந்து, வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க தம்பி, வாங்க" என்று நகர்ந்து பாயில் இடம் கொடுத்தார். அவருடைய இடது மணிக்கட்டில் பனியன் கழிவு நூல் ஒன்று சுற்றியிருந்தது. அதில் முடிச்சு முடிச்சாக இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அதுங்களா? ஒரு காரியத்தப் பண்ணுனா ஒரு முடிச்சுப் போட்டுக்கறதுங்க. இது வெளக்குக்கு எண்ணெய் ஊத்துனது. இது மாத்திரை தின்னது. இல்லீன்னா பண்ணுனனா இல்லையான்னு தெரியமாட்டேங்குதுங்க."

எத்தனை ரோல், எந்த லாட்டு என்று சீட்டில்லாமல் சொன்ன மனிதர். அந்த அம்மாள் உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பாயில் இருந்தவரே கேட்டுவிட்டார்.

"தம்பி, இவ என்னமோ வேட்டி, சோப்புன்னு சொல்றா. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. நீங்கதான் தொறந்து பாத்தவரு. நீங்க சொல்லுங்க. அன்னிக்கு நான் ஊத்துனனா, ஊத்தலீங்களா?"

என் வாயில் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால், அடுத்து ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார். கேட்கமாட்டார், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டும். அந்த வாரம்தான் முதலாளி என்னை மேஸ்திரியாகப் போடப்போவதாகச் சொல்லியிருந்தார். எல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது. கோழைக்குக் கணக்குப் போட ஒரு நொடி போதும்.

"ஊத்தலீங்ணா" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். மனைவியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுட்டியா?" என்றார். கோபமில்லை. ஒரு விஷயம் தீர்ந்த நிம்மதிகூட இருந்தது குரலில். பிறகு மணிக்கட்டு நூலை எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். நான் வந்து போனதற்காக இருக்கும்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து செருப்பை மாட்டினேன். கையில் எடுத்த காபி டம்ளர் அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அந்த அம்மாள் வாசற்காலிலிருந்து கையை எடுக்கவில்லை. கறை எங்கே பட்டது என்று துணியைப் பார்ப்பதுபோலத்தான் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எங்கள் பக்கத்தில் பிறந்த பெண் ஒருத்தி, உறவில்லாத, வயது வந்த ஆண்பிள்ளையிடம் ங்க இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை.

"டம்ளர வெச்சுப்போட்டுப் போ" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன்.